ஊர் சமுதாயக்கூடம் ஆண்களுக்கு ஆறுதலான இடமாக முடியுமா?

முடியும். ஆனால் "வாங்க, மனசு விட்டுப் பேசலாம்" என்று போர்டு மாட்டினால் ஒருத்தர்கூட வரமாட்டார்.

அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் வாய் திறப்பதில்லை, ஊர்க் கூடத்தில் அவரைப் போன்றவர்களுக்கு ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். மன்னார்குடிக்குத் தெற்கே, நெல்லும் தென்னையுமாக இருக்கிற ஊர்.

டெல்டாவில் ஆம்பளைகள் ஒன்றுகூட இடமா இல்லை என்று தோன்றும். டீக்கடை, மதகடி, கோயில் வாசல், டாஸ்மாக் என்று வரிசையாக இருக்கிறது. டீக்கடையில் மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், ஜூன் 12 திறப்பார்களா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று யார் நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் பேசலாம். மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனதைப் பேச முடியாது. பக்கத்து பெஞ்சில் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர் உட்கார்ந்திருப்பார். டாஸ்மாக்கில் அதையும் பேசலாம்தான். மறுநாள் பார்த்தால் இரண்டு பேருமே எதுவும் ஞாபகமில்லாத மாதிரி நடந்துகொள்ள வேண்டும். பெண்களுக்குச் சுயஉதவிக் குழு இருக்கிறது. 1989இல் தருமபுரியில் ஆரம்பித்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது. சேமிப்புப் பணம் கட்ட வருகிறவர்கள் வீட்டுக் கதையையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அங்கேயும் கூப்பிட்டது பணம் கட்டத்தான் என்பதைக் கவனியுங்கள்.

முன்பு எங்களுக்குக் களத்துமேடு இருந்தது. அடித்த நெல்லைக் குவித்து வைத்துவிட்டு, ராத்திரிக் காவலுக்கு நாலு பேர் வைக்கோலில் படுத்துக்கிடப்பார்கள். இருட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவதால் கடன், பங்காளிச் சண்டை, பொண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனது எல்லாம் தானாக வாயில் வரும். அறுவடை மெஷின் வந்தது, நெல் வயலிலிருந்தே டிராக்டர் ஏறிப் போகிறது. காவலும் போச்சு, அந்தப் பேச்சும் போச்சு.

எங்கள் சமுதாயக்கூடம் தொகுதி நிதியில் கட்டியது. காதுகுத்து, வளைகாப்பு, ஓட்டுப்பதிவு தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும், வராந்தாவில் ஆடு படுத்திருக்கும். அதைத் திறக்க வைத்தது கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், எங்கள் பக்கத் தோப்புகளை ஒரே ராத்திரியில் படுக்கப்போட்டுவிட்டுப் போனது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கூடத்தில் வாடகை ஜெனரேட்டரைப் போட்டு செல்போனுக்கு சார்ஜ் ஏற்றினோம். அங்கேயே நிவாரண மனுவும் எழுதினோம். சாய்ந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்ததால் மரக்கணக்கு வேண்டும்.

ஊரில் கறார் பேர்வழி என்று பெயரெடுத்த பெரியவர் ஒருத்தர் என் முன்னால் உட்கார்ந்தார். "எத்தனை மரம் மாமா?" என்றேன்.

"எங்கப்பா வெச்சது அறுவது."

"சரி மாமா, மொத்தம்?"

"எங்கப்பா வெச்சது அறுவது" என்று மறுபடியும் அதையே சொன்னார். அடுத்த தடவை கேட்டபோது குரல் வரவில்லை. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தவர் வரப்புத் தகராறில் அவரோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "தெக்குக் கொல்லையில எழுவத்தி ரெண்டு நிண்டுச்சு தம்பி. நான் எண்ணியிருக்கேன். அதையும் சேத்து எழுது." பகையாளி மரத்தை எண்ணி வைத்திருப்பதெல்லாம் எங்கள் ஊருக்கே உள்ள குணம்! அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆறுதல் வார்த்தை என்று ஒன்றும் நடக்கவில்லை. டீ வந்தது, குடித்தார்கள்.

கரண்ட் வந்த பிறகும் கூடத்தைப் பூட்ட யாருக்கும் மனசில்லை. ஆஸ்திரேலியாவில் 1990களில் 'மென்ஸ் ஷெட்' என்று ஆரம்பித்ததைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். ஓய்வுபெற்ற ஆண்கள் ஒரு கொட்டகையில் கூடி மரவேலை, ரிப்பேர் வேலை பார்ப்பார்களாம். எதிரெதிரே உட்கார வைத்தால் ஆண்கள் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்தால் பேசிவிடுவார்கள் என்பது அவர்கள் சித்தாந்தம். களத்துமேடு பார்த்தவனுக்கு இது புதுசில்லை.

இப்போது சாயங்காலம் விளக்கு வைத்ததும் திறந்தால் எட்டரைக்குப் பூட்டுகிறோம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் நடுவில் கெடு வரும். அந்தச் சமயத்தில் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகலோடு கூட்டம் நெரியும். ஓடிபி எந்த செல்லுக்குப் போனது என்று தேடுவதே தனிக்கூத்து. மற்ற நாளில் பம்ப்செட் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேர், கேரம் போர்டில் நாலு பேர், பேப்பரை வைத்துக்கொண்டு ஒருத்தர். பொண்டாட்டி தவறிப்போன ஒருத்தருக்குப் பின்கட்டு அடுப்பில் ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர் கல்யாண சமையல்காரர், ஐந்நூறு பேர் அளவுக்குக் குறைவாகச் சொல்லத் தெரியாது. பெருங்காயம் போட்ட போட்டில் தெருவே மணந்தது. அந்த மனிதர் பல மாசம் கழித்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிக்கல்களையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது சாவி. ஊராட்சித் தலைவர் வீட்டில் இருந்தால் தேர்தலில் தோற்றவர் தரப்பு வாசல்படி மிதிக்காது. எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கிறது, அவர் எந்தப் பக்கமும் இல்லை. அடுத்தது தெரு. டெல்டாவில் பல ஊர்களில் கூடமே தெருவுக்கு ஒன்றாக இருக்கும். எங்களுடையது பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பொதுவில் இருப்பதால் தப்பித்தது. அப்படியும் எல்லோருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலி என்றதும் சிலர் நின்றுவிட்டார்கள். நாங்கள் கெஞ்சிக் கூப்பிடவில்லை. குடித்துவிட்டு உள்ளே வரக்கூடாது, ஆனால் நேற்று குடித்தவர் இன்றைக்கு வரலாம். காசு வைத்துச் சீட்டு கிடையாது.

2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் ஏறக்குறைய 72 சதவீதம் ஆண்கள். எனவே யாராவது "இனி நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற தொனியில் பேசினால் கேரமை நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு அவரைத் தனியாக அனுப்புவதில்லை. 104, 14416 என்கிற இரண்டு உதவி எண்ணும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. இரண்டிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கூடம் டாக்டருக்கு மாற்று கிடையாது.

உங்கள் அப்பாவை "போய் நாலு பேரோடு பேசுங்க" என்று அனுப்பாதீர்கள், போகமாட்டார். கூடத்தைத் தினமும் திறக்க அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எதுவானாலும் சரி. அதற்கான மனுவை அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கவும் அவரே வீடு வீடாகப் போகட்டும்.