முதுகில் பொருக்கு: ஷாம்பூ ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: மழையில் நனைந்த என் குதிரையின் முதுகில் பொருக்கு கட்டி, முடி கொத்தாக உதிர்கிறது. மருந்து ஷாம்பூ போட்டும் குறையவில்லை. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம். இது பெரும்பாலும் டெர்மட்டோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. ஈரமும் காற்றுப் புகாத இடமும்தான் அதற்கு வேண்டும். எண்ணெய் இரண்டையும் கொடுத்துவிடும். ஷாம்பூ பலிக்காததற்குக் காரணம், அநேகமாக, போட்டவுடன் கழுவிவிடுவதுதான். 2 முதல் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவை நுரைக்கத் தேய்த்து, கடிகாரம் பார்த்து 10 நிமிடம் விடுங்கள். ஊறித் தானாகக் கழலும் பொருக்கை மட்டும் எடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால், பாவம், அதற்கு வலி உயிர்போகும். நன்றாக அலசி, முழுவதும் உலர்த்துங்கள். ஈரத்தின் மேல் போர்வை போர்த்தினால் எல்லாம் வீண். வாரம் 2, 3 முறை போதும். மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை அவசியம். பிரஷ், சேணத்துணி தனியாக இருக்கட்டும். காய்ச்சலோ கால்வீக்கமோ இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.