விழாவை எல்லோருக்கும் திறப்பது எப்படி? கேள்வி பதில்

திரைப்பட விழாக்களும் தொழில்முறைக் கருத்தரங்குகளும் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

எங்கள் பட்டியலில் வருடாவருடம் ஒரே மாதிரி ஆட்களின் படங்கள்தான். "வருகிற படங்களே அப்படி" என்கிறது தேர்வுக் குழு. என்ன செய்வது?

முதலில் எண்ணுங்கள். வந்தவை, முன்தேர்வில் தேறியவை, திரையிட்டவை என மூன்று கட்டத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும். தன்னைப் பற்றிய தகவலை இயக்குநரே விரும்பினால் சொல்லட்டும். பெயரை வைத்து நீங்கள் ஊகிக்கக் கூடாது. வரும்போதே குறைவென்றால் கோளாறு அழைப்பில். நடுவில் உதிர்ந்தால் கோளாறு முன்தேர்வில்.

அழைப்பைச் சரிசெய்யக் கட்டண விலக்கை விண்ணப்பப் படிவத்திலேயே வையுங்கள். "மின்னஞ்சலில் கேட்டால் தருவோம்" என்றால், கேட்கலாம் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் கேட்பார்கள்.

முன்தேர்வில் ஒரு படத்தைக் குறைந்தது இருவர், மற்றவர் மதிப்பெண் தெரியாமல் பார்க்கட்டும். ஒருவர் 9, இன்னொருவர் 3 போட்டால் சராசரி எடுக்காதீர்கள், மூன்றாமவரிடம் அனுப்புங்கள். சராசரியை நம்பினால் யாருக்கும் உறுத்தாத படங்கள்தான் மிஞ்சும், புது விதமாகக் கதை சொல்லும் படங்கள் முதலில் விழும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் வெளியிடுங்கள். 2018இல் கான் விழாவில் கையெழுத்தான பாலினச் சமத்துவ உறுதிமொழியும் இதையே கேட்டது.

பெண் இயக்குநர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கலாமா?

வைக்கலாம், முதன்மைப் போட்டியிலும் அவர்கள் இருந்தால். இல்லையென்றால் அது ஓரங்கட்டல்தான்.

சப்டைட்டில் இருக்கிறதே, காது கேளாதவர்களுக்கு அது போதாதா?

போதாது. சாதாரண சப்டைட்டில் மொழி தெரியாதவருக்கானது. யார் பேசுகிறார், திரைக்கு வெளியே கதவு தட்டப்படுகிறதா, இசை எப்போது நிற்கிறது என்பதெல்லாம் அதில் வராது. உள்ளூர் மொழிப் படத்துக்கோ அதுவும் இருக்காது. தேர்வுக் கடிதத்திலேயே ஒலிக்குறிப்புடன் கூடிய வசனக் கோப்பைக் கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

எங்கள் அரங்கில் வசனம் திரையில் எழுத்தாக வரும் பிரதி ஓடவே இல்லை, சார். டிசிபி (அரங்கில் ஓட்டும் டிஜிட்டல் படக் கோப்பு) பழுதா?

பெரும்பாலும் சாவிதான். பூட்டிய படக் கோப்பைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கேடிஎம் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி. மூலப் பதிப்புக்கு மட்டும் சாவி வந்திருந்தால் வசனம் சேர்த்த பதிப்பு திறக்காது. எந்தப் பதிப்பு என்று பெயரோடு கேட்டு வாங்குங்கள். ஒலித் தடங்களையும் பாருங்கள்: டிசிபியில் 7ஆம் தடம் செவித்திறன் குறைந்தோருக்கு, 8ஆம் தடம் பார்வையற்றோருக்கான காட்சி விவரிப்புக்கு. கோப்பில் விவரிப்பு இருந்தும் அரங்கின் ஒலிபரப்புக் கருவி 8ஐ எடுக்காவிட்டால் ஹெட்போனில் எதுவும் கேட்காது. அதே அரங்கில், பார்வையாளருக்குத் தரப்போகும் அதே ஹெட்போனை மாட்டிப் பத்து நிமிடம் கேட்டுவிடுங்கள்.

கலந்துரையாடலுக்கு ஒரு சைகைமொழிப் பெயர்ப்பாளர் போதுமா?

ஒரு மணி நேர அமர்வுக்கு இருவர். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். களைத்தால் துல்லியம் போய்விடும். எந்தச் சைகைமொழி என்று வருபவரிடமே கேளுங்கள்: அமெரிக்கச் சைகைமொழியும் பிரிட்டிஷ் சைகைமொழியும் வெவ்வேறு மொழிகள். பேச்சாளர் பெயர்கள், படப் பெயர்கள், கலைச்சொற்களை முன்கூட்டியே கொடுங்கள். பெயர்ப்பாளர் மேல் விளக்கு அணையக் கூடாது. அடிக்கடி நடக்கும் தவறு, படம் முடிந்து அரை இருட்டிலேயே கேள்வி நேரத்தைத் தொடங்குவது.

"மைக் வேண்டாம், என் குரல் கேட்கும்" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். காதுக் கருவிக்கு நேரடியாக ஒலியை அனுப்பும் தூண்டல் வளையத்துக்கும், பேசப்பேசத் திரையில் எழுத்தாகத் தட்டுபவருக்கும் மைக் வழியாகத்தான் குரல் போகிறது.

பேச்சாளர் சக்கர நாற்காலியில் வருகிறார். மேடை 60 செ.மீ. உயரம்.

சரிவு 1:12 (உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம்) என்றால் 7.2 மீட்டர் சாய்தளம், இரு முனையிலும் திரும்பும் இடம் தனி. அவ்வளவு இடமில்லையா? எல்லோரையும் தரையில் உட்காரவைத்து அமர்வை நடத்துங்கள். அவரைத் தூக்கி ஏற்றும் யோசனையே வேண்டாம்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கான காட்சியில் என்ன மாற்ற வேண்டும்?

விளக்கை மங்கலாக எரிய விடுங்கள், ஒலியைக் குறையுங்கள், எழுந்து நடக்கவும் வெளியே போய்வரவும் அனுமதியுங்கள், பக்கத்தில் ஓர் அமைதி அறை. காட்சியின் இயல்பை டிக்கெட்டிலேயே சொல்லிவிடுங்கள். எந்தக் காட்சியானாலும், படத்தில் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி வெட்டினால் எச்சரிக்கை போடுங்கள், எந்த நிமிடத்தில் வருகிறது என்பதோடு.

பணம் மிகக் குறைவு. எதிலிருந்து தொடங்க?

டிக்கெட் பதிவில் "உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று ஒரு கேள்வி, பதில் சொல்லும் பொறுப்பில் பெயரோடு ஒருவர். பிறகு ஒரே ஒரு அரங்கை முழுமையாகத் தயார்செய்து, முக்கியப் படங்களை அங்கே போடுங்கள். எட்டு அரங்கில் அரைகுறையாகச் செய்வதைவிட இது பயன்படும். எந்த வசதி இல்லை என்பதையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடுங்கள். படி ஏற வேண்டும் என்று முன்பே தெரிந்தால் ஒருவர் வாசல்வரை வந்து திரும்ப நேராது.