கேம்பஸில் இருக்கும் கலை அருங்காட்சியகம் யாருக்கு?

தம்பி, "கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்திருக்கிறேன். கேம்பஸிலேயே ஒரு ஆர்ட் மியூசியம் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. இந்த வாரமே ஒரு நடை போய் வாருங்கள்.

இங்கே பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் எல்லாத் துறைக்கும் வகுப்பு நடக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியத்தின் முன் நிறுத்தி, கண்ணில் படுவதை மட்டும் சொல்லச் சொல்கிறார்கள். ஊகம் பிறகுதான். நோயாளியைப் பார்க்கவும் அதே கண்தானே வேண்டும்? இந்தப் பயிற்சி பெற்றவர்களின் கவனிப்புத் திறன் கூடியதாக 2001இல் ஒரு மருத்துவ இதழில் ஆய்வும் வந்தது. கம்ப்யூட்டர் நிரலில் பிழை தேடுபவருக்கும் இது உதவும் என்பது என் அனுபவம்.

சுவரில் தொங்குவது சேகரிப்பில் கொஞ்சம்தான். மீதி பெட்டிகளில் இருக்கும். பல இடங்களில் ஸ்டடி ரூம் ஒன்று உண்டு. இன்ன படத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் எடுத்து வைப்பார்கள். பையை லாக்கரில் வைத்து, கையைக் கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் எட்சிங் ஒன்றை, அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோடுகளில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுத்த படத்தை, நான் அப்படித்தான் பார்த்தேன். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்ததும், செப்புத் தகடு அழுந்திய விளிம்பு தாளில் பள்ளமாகத் தெரிந்தது. மைக்கோடுகள் மயிரிழை அளவு மேலெழும்பி நின்றன. திரையில் எத்தனை பெரிதாக்கினாலும் அது கிடைக்காது. அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனம் வந்ததில்லை.

ஒபர்லின் கல்லூரியில் இன்னும் ஒரு படி மேலே. 1940இலிருந்து அங்குள்ள ஆலன் அருங்காட்சியகம் அசல் படைப்புகளை மாணவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது, ஒரு செமஸ்டருக்கு 5 டாலர். பிக்காசோவின் அச்சுப்படத்தை விடுதி அறைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அதற்காக மாணவர்கள் இரவிலேயே வந்து வரிசையில் படுத்துக் கிடப்பார்கள். மாணவரை நம்பிக் கொடுக்கிறார்களே, அதுவே பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பல்கலைக்கழகமே நடத்தும் மியூசியம் என்றால் அதுவும் கேம்பஸ் வேலைதான். ஆனாலும் சேரும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சேகரிப்பின் டேட்டாபேஸைச் சரிபார்ப்பது, படங்களை டிஜிட்டல் ஆக்குவது என்று உங்கள் கைக்கு ஏற்ற வேலையும் இருக்கும். என்னைக் கேட்டால், வருபவர்களுக்குப் படங்களைக் காட்டிப் பேசும் மாணவர் வழிகாட்டி வேலைக்கே முதலில் முயலுங்கள். ஒரே படத்தின் முன் பத்து அந்நியர்களைப் பேசவைக்கப் பழகினால் இன்டர்வியூ பயம் போய்விடும். ஆங்கிலமும் தானாக வரும்.

அருங்காட்சியகத் துறையிலேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. 1920களில் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் பால் சாக்ஸ் நடத்திய வகுப்பில் படித்த ஆல்ஃபிரட் பார்தான், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு 1929இல் முதல் இயக்குநர் ஆனார்.

வழிகாட்டிகளைப் பெரும்பாலும் கல்வியாண்டின் தொடக்கத்தில்தான் எடுப்பார்கள். மாணவர் நிகழ்ச்சிகளைக் கவனிப்பவர் யாரென்று மியூசியம் வரவேற்பில் கேட்டு, அவருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.