அலாய் வீலுக்குப் பவுடர் கோட்டிங் போடலாமா, பெயின்ட் அடித்தால் போதுமா?

வீல் ஓரங்களில் பிளாட்பாரம் உரசிய கீறல், நடுவில் பெயின்ட் கொப்புளம் விட்டு உரிகிறது, எது பாதுகாப்பு, வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு பவுடர் கோட்டிங் யூனிட்டில் வேலை பார்ப்பவன். எங்கள் பிழைப்புக்கே விரோதமாக ஒன்று சொல்கிறேன்: கீறல் மட்டும்தான் என்றால் பெயின்ட் போதும். நான்கு வீலும் உரிகிறதென்றால் பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவி ஓவனில் உருக்கி இறுகவைக்கும் பூச்சு, நெடுநாள் தாங்கும். ஆனால் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் கோட்டிங் போடுகிற எல்லா இடத்திலும் அலாய் வீலைக் கொடுத்துவிடாதீர்கள்.

காரணம் சூடு. கார் அலாய் வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்கிற வார்ப்பு அலுமினியக் கலவை. சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சூண்டு மக்னீசியம். வார்த்து எடுத்ததுமே அதற்கு வலு வந்துவிடாது. 540 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிரவிட்டு, மறுபடி 155 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைப்பார்கள். பள்ளத்தில் இறங்கினாலும் தாங்குகிற பலம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஏறுகிறது. பவுடர் உருகி இறுகுவதற்கு வேண்டியதோ 180 முதல் 200 டிகிரி. அந்தச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து வெளியே வந்தால் பெரிய கேடில்லை. கனமான இரும்புக் கேட்டோடு சேர்த்து ஒரே ஓவனில் தொங்கவிட்டு, கேட் சூடாகிற வரைக்கும் வீலையும் வேகவிடுவதுதான் வம்பு. சூடும் நேரமும் கூடக் கூட, ஏற்றிய பலம் இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கலர் மாற்றுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். 160 டிகிரியிலேயே இறுகுகிற பவுடரும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கூடவே பாலியெஸ்டர் பவுடர்தானா என்றும் கேளுங்கள். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும்.

இதைவிட மோசமானது பழைய பெயின்டை எடுக்கும் விதம். பொருளைத் தொங்கவிடும் கொக்கிகளில் மேலே மேலே ஏறிய பவுடரை எரித்து எடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அந்தச் சூடு 350, 400 டிகிரி வரை போகும். வீலையும் அதிலேயே போட்டால் வேலை சீக்கிரம் முடியும். பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. பலம் மட்டும் போயிருக்கும். கேஸ் டார்ச் காட்டி உரிப்பதும், பெண்டு எடுக்கிறேன் என்று நெருப்பில் பழுக்கவைப்பதும் அதே கதைதான். “எப்படி உரிப்பீர்கள்?” என்பதுதான் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பதில் மழுப்பலாக வந்தால் வீலைத் திருப்பி டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கோட்டிங்குக்கு முன் இரும்பைச் சுத்தம் செய்யவென்று இருக்கும் ஏழு தொட்டி முறையில், துருவை எடுக்க ஆசிட் தொட்டி ஒன்று உண்டு. அலுமினியத்துக்கு அது ஒத்துவராது, தனி கெமிக்கல் வேண்டும். காஸ்டிக் சோடா பக்கமே போகக் கூடாது. அது அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். பிளாஸ்டிங் செய்தால், அதாவது துகளை வேகமாக அடித்து உரித்தால், அலுமினியம் ஆக்சைடோ கண்ணாடி மணியோ போடச் சொல்லுங்கள். இரும்பு ஷாட் என்கிற குட்டி இரும்புக் குண்டுகளைப் போட்டால் இரும்புத் துணுக்குகள் உள்ளே பதிந்து, பின்னால் கோட்டிங்குக்கு அடியில் அரிப்பு கிளம்பும்.

உரித்த பிறகு விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கோட்டிங் எல்லாவற்றையும் அழகாக மூடிவிடும். விரிசலுக்கு வெல்டிங் வைத்த வீலை நான் கோட்டிங்குக்கு எடுப்பதில்லை.

அடுத்தது மாஸ்கிங். பவுடர் 60 முதல் 100 மைக்ரான் கனத்தில் உட்காரும். வீல் நட் உட்காருகிற கூம்பிலும், வீல் ஹப்பில் பதிகிற முகத்திலும் அது துளிகூட இருக்கக் கூடாது. இறுகிய பிறகும் அது பிளாஸ்டிக்தான். பிரேக் சூட்டிலும் நட்டின் இறுக்கத்திலும் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு நட் தளரும். சூடு தாங்கும் சிலிக்கான் மூடியும் டேப்பும் வைத்து மறைக்கிற கடையா என்று பாருங்கள். டயர், வால்வு, டயர் பிரஷர் சென்சார் எல்லாவற்றையும் கழற்றித்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டில் பெயின்ட் அடிப்பதென்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் பிரேக் தூசியைக் கழுவுங்கள். காற்று அடித்துப் பறக்கவிடாதீர்கள், அது நுரையீரலுக்கு ஆகாது. கீறலை 320 நம்பர் உப்புத்தாளில் சமன்செய்து 600-ல் முடியுங்கள். வெறும் அலுமினியத்தில் சாதாரண பிரைமர் நிற்காது, எபாக்ஸி பிரைமரோ எட்ச் பிரைமரோ வேண்டும். அதற்கு மேல் மெல்லிய கோட்டாகக் கலர், பிறகு கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு.

ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியரை மட்டும் வீட்டில் அடிக்கவே அடிக்காதீர்கள், ஸ்பிரே டப்பாவில் வந்தாலும் சரி. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை அது உடம்புக்கு ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சிரைக்கும். என்95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் மாஸ்க் போட்டு, ஸ்பிரே பூத்தில் செய்கிற வேலை அது. பெயின்ட் ரிமூவர் வாங்கினால் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். மூடிய அறையில் அது ஆளையே கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2019-லேயே பெயின்ட் எடுப்பதற்காகச் சில்லறையில் விற்பதைத் தடை செய்துவிட்டார்கள். தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போகும், எனவே பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் எரிகிற வீட்டுக்குள் இந்த வேலை வேண்டாம். திறந்த வாசலில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடியுங்கள்.

டயமண்ட் கட் வீல் என்றால் விஷயம் வேறு. லேத்தில் முகத்தைச் சீவித்தான் அந்தப் பளபளப்பு வருகிறது, ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும். ஒரு தடவை சீவியாயிற்றென்றால் அடுத்த முறை முழுக்க ஒரே கலராக அடித்துவிடுவதுதான் என் யோசனை.

திரும்ப மாட்டும்போது வீல் பேலன்சிங் பாருங்கள். கார் மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிர் வரிசையில் நட்டை முடுக்குங்கள். ஸ்பேனரில் ஏறி மிதிக்கிற பழக்கம் வேண்டாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது இன்னொரு முறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஏதாவது நட் நகர்ந்தால் அந்த வீலைக் கழற்றி, நட் உட்காரும் கூம்பில் பெயின்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.