மூளை, நரம்பு: கேட்டவையும் என் பதில்களும்

உடற்கூறியல் பாடம் எடுப்பவன் என்பதால், மூளை நரம்பு பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், நாம் மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?

பதில்: சுத்தப் பொய். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பின் சக்திச் செலவில் ஏறக்குறைய 20 சதவீதத்தை விழுங்குகிறது. வேலையே செய்யாத ஒன்றுக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது.

கேள்வி: சூடுபட்டால் வலி தெரியும் முன்பே கை விலகிவிடுகிறதே, மூளை அத்தனை வேகமா?

பதில்: அந்த முடிவை எடுப்பது மூளையே இல்லை, தண்டுவடம். தோலிலிருந்து வரும் செய்தி தண்டுவடத்துக்குள் பின்பக்கமாக நுழைந்து, அங்கேயே ஒரு இடைநிலை நியூரானை, அதாவது நடுவில் நிற்கும் நரம்புச் செல்லைத் தாண்டி, முன்பக்கமாக வெளியேறிக் கைத்தசைக்குப் போய்விடும். மூளைக்கும் ஒரு தகவல் மேலே போகிறது, ஆனால் அது போய்ச் சேர்ந்து நீங்கள் 'ஆ' என்பதற்குள் கை விலகியிருக்கும்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். கால் விரலை எதிலாவது இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒரு வலி, கொஞ்சம் விட்டு விண்விண் என்று இன்னொன்று. இரண்டும் ஒரே இடிதான், வரும் பாதைதான் வேறு. மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட நரம்பிழைகளில் முதல் வலி வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் வந்துவிடும். உறை இல்லாத மெல்லிய இழைகளில் 1 மீட்டர் போவதற்கே ஒரு வினாடி போல ஆகும்.

கேள்வி: அண்ணா, கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது நரம்புதானே?

பதில்: இல்லை தம்பி, அது சிரை, ரத்தம் ஓடும் குழாய். நரம்பு வெளுப்பாக இருக்கும், தோலுக்கு மேலே தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலால் உருட்டிப் பாருங்கள். சுண்டுவிரல் வரை ஜிவ்வென்று இழுக்கும்.

கேள்வி: சிறுமூளை பாதித்தால் என்ன ஆகும்?

பதில்: கை கால் செயலிழக்காது, கணக்குத் தப்பும். டம்ளரை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் 6,900 கோடி இங்கேதான் இருக்கின்றன, ஆனாலும் பாடப்புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தம்தான். அப்புறம், பெருமூளையின் இடப்பாதி வலக்கையை இயக்கும், அந்த இழைகளில் பெரும்பாலானவை மூளை தண்டுவடத்தோடு சேரும் இடமான முகுளத்தின் அடியில் பக்கம் மாறுகின்றன. சிறுமூளையில் இடப்பக்கம் கெட்டால் இடக்கைதான் தடுமாறும்.

கேள்வி: அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டுமாம். தண்டுவடத்தில் குத்திவிடாதா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள்மா. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும், ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே திரவத்தில் மிதக்கும் நரம்பு வேர்கள் மட்டும்தான், அவை பெரும்பாலும் ஊசிக்கு நழுவி ஒதுங்கிக்கொள்ளும். மொத்தத் திரவம் சுமார் 150 மில்லி, உடம்பு தினமும் 500 மில்லி போல புதிதாகச் சுரக்கிறது, எடுப்பதோ சில மில்லிதான். பிறகு சிலருக்குத் தலைவலி வரும், படுத்தால் குறையும். அம்மா ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.