மாமா சொன்னது ஃப்ளஷ், கையில் இருந்தது ஜோடி

கேள்வி: மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஏற்காட்டில் நண்பர் வீட்டில் ஆறு பேர் போக்கர் ஆடுவோம். காசு கிடையாது. தோற்றவர் மறுநாள் கீழே இறங்கியதும் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். போன தடவை மேசையில் ஆட்டின் 3, 10, ஜாக், இஸ்பேட் 9, கிளாவர் 2 விழுந்திருந்தன. என் கையில் 8, ராணி. மேசைச் சீட்டோடு சேர்த்து 8 முதல் ராணி வரை வரிசை சேர்ந்துவிட்டது. கடைசியில் அக்கா வீட்டுக்காரர் "ஃப்ளஷ்" என்றார். அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, என் வரிசையை விடப் பெரிது. நான் சீட்டைக் கவிழ்த்துக் கழித்த சீட்டுக் குவியலில் போட்டுவிட்டேன். அவர் காட்டினால் ஆட்டின் ராஜா, டைமன் பத்து! "உன்னை யாரு மாப்ளே போடச் சொன்னது?" என்று சிரித்தபடியே சிப்ஸை (பந்தயத்துக்கு வைக்கும் வில்லைகளை) அள்ளிக்கொண்டார். ரெண்டு ஆட்டம் கழித்துப் பொறுக்காமல் கேட்டேன், சண்டையாகிவிட்டது. சிப்ஸை ரெண்டு தவணையாக வைத்து நடுவில் முகம் பார்ப்பது, தோற்றவரைக் கிண்டல் செய்வது எல்லாம் அவருக்கு வழக்கம். இப்போது அக்காவும் பேசுவதில்லை. நியாயம் யார் பக்கம்?
- அம்மாப்பேட்டை வாசகர், சேலம்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த சிப்ஸ் மாமாவுக்குத்தான். சீட்டைக் காட்டும் கட்டத்தில் வாயால் சொன்னது கணக்கில் வராது, மேசையில் திறந்து கிடப்பதுதான் பேசும். அவருடையது திறந்து கிடந்தது, வெறும் பத்து ஜோடி என்றாலும். உங்கள் வரிசை குவியலோடு கலந்துவிட்டது. அப்படிக் கலந்த சீட்டுக்கு உயிர் இல்லை. எதிராளி சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை உங்கள் சீட்டை விடாதீர்கள், எவ்வளவு மரியாதைக்குரிய மாமாவாக இருந்தாலும்.

நீங்கள் கேட்ட நேரமும் தப்பு. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கிவிட்டால் முந்தைய ஆட்டத்தைப் பற்றி வழக்கு கிடையாது.

ஆனால் மாமா தப்பித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. 2001-ல் தொடங்கிய டிடிஏ என்ற போட்டி நடத்துநர் சங்கத்தின் விதிகளைத்தான் பெரிய போட்டிகள் பலவற்றில் பின்பற்றுகிறார்கள். கையில் இல்லாததை வேண்டுமென்றே இருப்பதாகச் சொன்னால் தண்டனை உண்டு என்று அதிலேயே இருக்கிறது. வேண்டுமென்றே என்பதுதான் சிக்கல். ஆட்டினும் சிவப்பு, டைமனும் சிவப்பு. ராத்திரி ஒரு மணிக்கு மங்கலான பல்பு வெளிச்சத்தில் யாருக்கும் கண் ஏமாறும். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். இன்னொரு தடவை நடந்தால் அடுத்த ரெண்டு ஆட்டம் அவர் வெளியே உட்காரட்டும். அதை இப்போதே எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிப்ஸைத் தவணையில் வைக்கிறாரே, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது செல்லாது. ஒருவர் 100 வைத்திருக்கும்போது மாமா வாய் திறக்காமல் 100 வைத்து, முகங்களைப் பார்த்துவிட்டு இன்னும் 300-ஐ நகர்த்தினால், முதல் 100 மட்டும்தான் கணக்கு. ஏற்ற வேண்டுமென்றால் முன்பே "ரெய்ஸ்" என்று சொல்ல வேண்டும், இல்லை மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். 100-க்கு எதிரே ஒன்றும் சொல்லாமல் ஒற்றை 500 சிப்பைப் போட்டாலும் அது வெறும் 'கால்'தான், அதாவது எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பது, மீதி 400-ஐ அவரே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் சொல்லும் ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. வீட்டுக்கார நண்பர் தீர்ப்பு சொல்லட்டும். அவரே அந்த ஆட்டத்தில் இருந்தால், முதலில் சீட்டை வைத்துவிட்டவர் சொல்லட்டும். சொன்னபிறகு மறுபேச்சு கூடாது, தப்பாகவே சொல்லியிருந்தாலும் விடிந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

கிண்டலுக்கு விதி கிடையாது. நாலு பேர் முன்னால் மாமாவைத் திருத்தப் போனால் இன்னும் ஏறுவார். தனியாகச் சொல்லுங்கள். மலை ஏறும்போது வேண்டாம், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அவர் கவனம் ரோட்டில் இருக்கட்டும். மேலே போய் ஏரிப்பக்கம் டீ குடிக்கும்போது, "மாமா, அன்னைக்கு சிப்ஸ் உங்களுதுதான், நான்தான் சீட்டை அவசரப்பட்டுப் போட்டுட்டேன். ஆனா நீங்க சிரிச்சது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று ஆரம்பியுங்கள். பாதியை நீங்களே ஒப்புக்கொண்டபிறகு அவரால் பெரிதாகக் கத்த முடியாது.

அப்படியும் மாறவில்லையா, அடுத்த மாதம் ஐந்து பேருக்கு மட்டும் சீட்டுப் போடுங்கள். அக்காவிடம் அதை முன்கூட்டியே நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். மாமா சொல்லி அவர் முதலில் கேட்டால் கதையே வேறாக இருக்கும்.