மாம்பழக் கழிவிலிருந்து அடுப்பு எரிவாயு: கேள்வி பதில்

ஓசூர்: நாங்கள் நாலு பேர். தினம் ஒன்றரைக் கிலோ சமையலறைக் கழிவு சேர்கிறது. அதைப் போட்டு அடுப்பு வாயு எடுக்க 1000 லிட்டர் டேங்க் போதுமா?

டேங்க் தாராளம், கழிவுதான் போதாது. ஒன்றரைக் கிலோவில் கிடைக்கும் வாயு இருபது நிமிடம் எரிந்தாலே அதிகம். பக்கத்து வீட்டுப் பழைய சோறு, மெஸ் கழிவு என்று தினம் 5 கிலோ சேருங்கள். 400 முதல் 500 லிட்டர் வாயு வரும், ஒரு பர்னர் ஒரு மணி நேரம் எரியும். ஒரு கனமீட்டர் வாயு சுமார் 450 கிராம் எல்.பி.ஜி.க்குச் சமம். அந்தக் கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மிச்சமாக எழுபது நாள் ஆகும்.

தொடக்கத்தில் சோறு போடவே கூடாது. வைக்கோல் நீக்கிய புதுச் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து நிரப்பி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். முதலில் வரும் வாயு தீப்பிடிக்காது, திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். நீலச் சுடர் வந்த பிறகு தினம் அரைக் கிலோவில் தொடங்கி, வாரம் அரைக் கிலோவாக ஏற்றுங்கள்.

போச்சம்பள்ளி: தோப்பில் விழுந்த பெங்களூரா மாம்பழத்தைக் கூடை கூடையாகப் போட்டேன். வாயு சேரும் மேல் டிரம் நன்றாக எழும்பியது. நாலாம் நாள் அடுப்பு பற்றவில்லை, புளித்த வாடை.

அண்ணா, உங்கள் கலனுக்கு அஜீரணம். உள்ளே இரண்டு கூட்டம் நுண்ணுயிர் உண்டு. ஒன்று சர்க்கரையைச் சில மணி நேரத்தில் அமிலமாக்கும். இன்னொன்று அந்த அமிலத்தை மீத்தேனாக்கும், ஆனால் அது மெதுவாகப் பெருகும் இனம். பழம் குவிந்தால் அமிலம் முந்திக்கொள்ளும். அமிலம் கூடினால் குறையும் பி.எச். அளவு 6.5க்குக் கீழே போனால் மீத்தேன் கூட்டம் முடங்கும். டிரம்மைத் தூக்கியது பெரும்பாலும் கரியமில வாயு, அதனால்தான் எரியவில்லை.

இன்றே தீனியை நிறுத்துங்கள். 50 லிட்டர் கரைசலை வெளியே எடுத்து, நன்றாக ஓடும் வேறொரு கோபர் கேஸ் (சாண எரிவாயு) கலனின் கரைசலை அதே அளவு ஊற்றுங்கள். 1000 லிட்டருக்கு அரைக் கிலோ சமையல் சோடா கரைத்து ஊற்றி, மறுநாள் பி.எச். தாளில் பாருங்கள். 6.8 எட்டும்வரை தினம் ஒருமுறை. சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் பி.எச். திடீரென எகிறும், அது எனக்குச் சம்மதமில்லை. சுடர் திரும்பியதும் ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சாணம் என்று கலந்தே போடுங்கள். மாங்கொட்டை செரிக்காது, அடியில் தங்கி இடத்தை அடைக்கும்.

பாலக்கோடு: விலை இறங்கும்போது தக்காளியைக் கொட்டுகிறோம். அதைப் போடலாமா?

போடலாம், ஆனால் பெரிதாக வாயு எதிர்பார்க்க வேண்டாம். தக்காளியில் 95 சதவீதம்வரை தண்ணீர். நசுக்கி, சோற்றைக் கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாகப் பயன்படுத்துங்கள்.

தேன்கனிக்கோட்டை: மார்கழியில் வாயு பாதியாகிவிடுகிறது.

உங்கள் பக்கத்துக் குளிர்தான். உள்ளே 30 டிகிரிக்கு மேல் இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும், 20க்குக் கீழே படுத்துவிடும். டேங்க்கை வெயிலுக்கு மாற்றி, சுற்றிலும் வைக்கோல் கட்டுங்கள். தீனியை வெந்நீரில் கரைத்து, பாதியாகக் குறைத்துப் போடுங்கள். பழைய அளவே போட்டால் செரிக்காமல் புளிக்கும்.

காரிமங்கலம்: டிரம் நிறைய வாயு இருக்கிறது, சுடர் விட்டு விட்டு எரிகிறது.

குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும். தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். எல்.பி.ஜி. அடுப்பின் ஜெட் துளை இந்த வாயுவுக்கு மிகச் சிறியது, கோபர் கேஸ் அடுப்பே வாங்குங்கள். கசிவைச் சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சி காட்டவே கூடாது. அழுகிய முட்டை வாடை அதிகமிருந்தால், குழாயின் நடுவே இரும்புக் கம்பி நார் அடைத்த ஒரு குப்பியைப் பொருத்துங்கள். நார் கறுத்ததும் மாற்றுங்கள்.

பென்னாகரம்: வெளியே வரும் கரைசலை ராகிக்கு விடலாமா?

விடலாம். தண்ணீர் கலந்து, பாசனத்தோடு விடுங்கள். புளித்த வாடை அடித்தால் மட்டும் வயலுக்கு வேண்டாம்.